லேபர் கேம்ப்பின் பழைய லேப்டாப்பும் டெபியன் வாக்கெடுப்பும்

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் அதை ஒட்டிய தாராவியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பிள்ளை கல்லூரிப் படி ஏறும்போது லேப்டாப் என்ற செலவும் கூடவே வந்து நிற்கிறது. புதியதற்கு முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ எடுத்துவைக்க முடியாத வீட்டுக்குக் கைக்கு எட்டுவது பழையதுதான். அலுவலகங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டிய எந்திரங்கள் கிராண்ட் ரோடு பக்கம் லேமிங்டன் ரோட்டுக் கடைகளில் கைமாறுகின்றன. அதற்கும் லாயக்கில்லாமல் போனவை உடைபட்டு, பிளாஸ்டிக் தனி, உலோகம் தனி என்று தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டு போன்ற இடங்களில் பிரிகின்றன. ஒரு லேப்டாப் இந்த இரண்டில் எந்தப் பக்கம் போகும் என்பதை 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு வேறொரு காரணமும் தீர்மானிக்கிறது. அன்றோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், ஏறக்குறைய இன்டெலின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். திரையும் விசைப்பலகையும் நன்றாக இருக்கும் ஏராளமான லேப்டாப்புகள் இந்த விதியால் மட்டுமே காலாவதி ஆகிவிட்டன. அவற்றுக்கு லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போடுங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். சரியான யோசனைதான். ஆனால் பென் டிரைவைச் செருகி லினக்ஸை நிறுவத் தொடங்கியதும், வைஃபை கருவி எதுவும் தென்படவில்லை என்று ஒரு திரை வந்து நின்றால், தனியாக உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு அந்த யோசனை அங்கேயே முடிந்துவிடுகிறது. கட்டற்ற மென்பொருளைப் பற்றி நாம் பேசும் சுதந்திரம், விலையின்மை, தமிழ் இடைமுகம் எல்லாம் அந்த ஒரு திரையைத் தாண்டினால்தான் பொருள்படும். நிறுவும் நிரலுக்குள்ளேயே வன்பொருளுக்கான ஆதரவைச் சேர்ப்பது ஏழை வீட்டுக்கும் கணினிக்கும் இடையிலான வாசலைத் திறக்கும் பொதுப்பணி என்றும், அரசாங்கம் உட்பட எல்லோரும் அதை அப்படித்தான் நடத்த வேண்டும் என்றும் இந்தக் கட்டுரை வாதிடுகிறது.

டிரைவர் என்பது ஒரு கருவியோடு பேசத் தெரிந்த சிறு நிரல். கணினிக்குள் இருக்கும் பெரும்பாலான பாகங்கள், கேட்டால், தாம் யார் என்று இரண்டு குறியீடுகளைச் சொல்லும். ஒவ்வொன்றும் நான்கு எழுத்து நீளம். முதலாவது தயாரித்த நிறுவனத்தையும் இரண்டாவது அந்தக் குறிப்பிட்ட பொருளையும் குறிக்கும். இன்டெலுக்கு 8086, ரியல்டெக்குக்கு 10இசி, பிராட்காமுக்கு 14இ4, ஏத்தரோஸுக்கு 168சி. லினக்ஸின் மையமான கெர்னலில் ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த குறியீடுகளின் பட்டியலை வைத்திருக்கிறது. குறியீடு பட்டியலில் இருந்தால் கருவி விழித்துக்கொள்ளும். இல்லையென்றால், உள்ளே ஓடக்கூடிய டிரைவர் இருந்தாலும், அது அந்தக் கருவியைத் தன்னுடையது என்று கருதாது. கெர்னலின் மூலநிரலில் பாதிக்கும் மேற்பட்ட வரிகள் டிரைவர்களே. ஆகவே லினக்ஸுக்கு டிரைவர் கிடையாது என்ற பழைய குற்றச்சாட்டு இன்று அப்படியே பொருந்தாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நிறுவியில் வருவது முழு லினக்ஸ் அல்ல. டெபியன் என்ற விநியோகத்தை எடுத்துக்கொண்டால், அதன் நிறுவி கெர்னலோடு மட்டும் தொடங்கி, டிரைவர்களைச் சிறு பொட்டலங்களாக ஏற்றிக்கொள்கிறது: வட்டுக்கு ஒன்று, கம்பி வலையமைப்புக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று. எந்தப் பொட்டலத்தில் எந்த டிரைவர் போகும் என்பதை மனிதர்கள்தான் கையால் பட்டியலிடுகிறார்கள். கெர்னலில் இருக்கும் டிரைவர் இந்தப் பட்டியலில் விடுபட்டுப் போனால், நிறுவி முடித்த கணினியில் ஓடக்கூடிய கருவி நிறுவும் நேரத்தில் ஓடாது. வைஃபை விடுபட்டால் இணையம் இல்லை. வட்டுக் கட்டுப்படுத்தியின் டிரைவர் விடுபட்டால் இன்னும் மோசம்: வட்டே இல்லை என்று திரை சொல்லும். இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் வட்டை, பல வட்டுகளைச் சேர்த்தாளும் ரெய்டு முறையில் அமைத்து விற்கிறார்கள். அந்த அமைப்பைப் புரிந்துகொள்ளாத நிறுவி, நல்ல வட்டைக் காணவில்லை என்று அறிவிக்கும்போது, வாங்கியவர் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார்.

வைஃபையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. இன்றைய வைஃபை சிப் தனக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினி. அதில் ஓட வேண்டிய நிரலை ஃபர்ம்வேர் என்கிறார்கள். முன்பெல்லாம் அந்த நிரலைச் சிப்பிலேயே நிரந்தரமாகப் பொறித்துவிடுவார்கள். செலவைக் குறைப்பதற்காகப் பல நிறுவனங்கள் நினைவகத்தைச் சிப்பிலிருந்து எடுத்துவிட்டன. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் டிரைவர் அந்த நிரலை வட்டிலிருந்து எடுத்துச் சிப்புக்குள் ஏற்ற வேண்டும். டிரைவர் திறந்த மூலமாக இருந்தாலும் இந்த ஃபர்ம்வேர் பெரும்பாலும் மூடிய கோப்பு. இன்டெல் வைஃபைக்கும் ரியல்டெக்கின் பல சிப்புகளுக்கும் இது தேவை. மூடிய எதையும் தன் நிறுவியில் வைக்க மாட்டேன் என்று ஒரு விநியோகம் கொள்கை வைத்திருந்தால், ஃபர்ம்வேரை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு ஃபர்ம்வேர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதே கதை. கம்பி வழியாக இணையம் வரும் அலுவலகத்தில் இதை யாரும் கவனிப்பதே இல்லை. பத்துக்குப் பத்து அறையில் போனின் ஹாட்ஸ்பாட் மட்டுமே இணையமாக இருக்கும் வீட்டில் இதுவே முழுத் தடை. மெல்லிய லேப்டாப்புகளிலிருந்து ஈதர்நெட் துளையையே எடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிக்கலோடு மிக வெளிப்படையாக மல்லுக்கட்டியது டெபியன்தான். 1993-இல் ஐயன் மர்டாக் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு, 1997 முதல் ஒரு சமூக ஒப்பந்தம் இருக்கிறது: டெபியன் நூறு விழுக்காடு கட்டற்றதாக இருக்கும் என்று பயனர்களுக்கு அளித்த எழுத்துபூர்வமான வாக்கு. அந்த வாக்குக்கு ஏற்ப, 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6.0 வெளியீட்டில் கெர்னலிலிருந்து மூடிய ஃபர்ம்வேர் கோப்புகளை எல்லாம் பிரித்து எடுத்தார்கள். ஃபர்ம்வேர் சேர்த்த நிறுவிப் படிமம் (பென் டிரைவில் ஏற்றும் கோப்பு) ஒன்றும் தனியாகத் தயாரானது. ஆனால் அது அதிகாரபூர்வமற்றது என்ற முத்திரையோடு, சட்டென்று கண்ணில் படாத மூலையில் கிடந்தது. அதாவது, திட்டத்தின் முகப்பில் தரப்பட்ட படிமம் பெரும்பாலான லேப்டாப்புகளில் முழுமையாக வேலை செய்யாது. வேலை செய்யும் படிமம் எங்கே இருக்கிறது என்பது ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்களுக்கே தெரியும். பத்து ஆண்டுக்கும் மேல் இந்த நிலை நீடித்தது. நிறுவிப் படிமங்களைத் தயாரிக்கும் குழுவில் நெடுங்காலம் உழைத்த ஸ்டீவ் மெக்கின்டைர் 2022 ஏப்ரலில் இதைத் திட்டத்தின் முன் நேரடிக் கேள்வியாக வைத்தார். விவாதம் நடந்து, வாக்கெடுப்புக்கு வந்தது. சமூக ஒப்பந்தத்தையே திருத்த வேண்டியிருந்ததால் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவைப்பட்டது. அது கிடைத்தது. 2022 அக்டோபரில் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. வன்பொருள் இயங்கத் தேவைப்பட்டால் மூடிய ஃபர்ம்வேரையும் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்கலாம், ஒரே நிறுவிதான் இருக்கும் என்று முடிவானது. 2023 ஜூன் 10 அன்று வெளிவந்த டெபியன் 12, இப்படி ஃபர்ம்வேரோடு வந்த முதல் பெரிய வெளியீடு. தேவையான ஃபர்ம்வேரை நிறுவியே கண்டறிந்து ஏற்றிக்கொள்கிறது. எதை ஏற்றியது என்பதையும் சொல்கிறது. வேண்டாம் என்பவர் தொடக்கத்திலேயே அதை அணைத்துவிடலாம்.

அந்த விவாதத்தில் வந்த ஒரு வாதம் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாகப் படுகிறது. பார்வையற்றவர்கள் டெபியனைத் தாங்களே நிறுவிக்கொள்ள, திரையில் வருவதை நிறுவி குரலாகப் படித்துக் காட்டும் வசதி இருக்கிறது. புதிய இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் ஒலிச் சிப்புக்கும் ஃபர்ம்வேர் வேண்டும். ஃபர்ம்வேர் இல்லாத படிமத்தில் ஒலி இல்லை. ஒலி இல்லையென்றால் பார்வையற்றவருக்கு நிறுவியே இல்லை. கொள்கையைக் காப்பாற்ற எடுத்த முடிவின் முழு விலையையும் இங்கே கட்டியது யார் என்று பாருங்கள். முடிவெடுத்த நிரலாளர்களிடம் கம்பி இணையம் இருந்தது, இரண்டாவது கணினி இருந்தது, எந்தக் கோப்பை எங்கே வைக்க வேண்டும் என்ற அறிவும் இருந்தது. இவை எதுவும் இல்லாதவரே வெளியே நின்றார்.

மூடிய ஃபர்ம்வேரை நிறுவியில் சேர்ப்பதற்கு எதிராகச் சொல்லப்படுவதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ரிச்சர்ட் ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இன்றும் மூடிய ஃபர்ம்வேரை விநியோகிக்கும் எந்த இயங்குதளத்தையும் பரிந்துரைப்பதில்லை. அந்த இயக்கத்தின் பிறப்பிலேயே ஒரு டிரைவர் இருக்கிறது: எம்ஐடி ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரின் நிரலைத் திருத்த மூலநிரல் மறுக்கப்பட்டதுதான் ஸ்டால்மனைச் சிந்திக்க வைத்த நிகழ்வு. மூடிய கோப்பை ஒருமுறை உள்ளே விட்டால், திறந்து கொடுக்கும்படி நிறுவனங்களை நெருக்க வேறு பிடி இருக்காது என்பது அவர்கள் வாதம். இது வெறும் பயமும் அல்ல. மும்பைக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2007-இல் ராய்காட் மாவட்டத்தின் கைராத் என்ற சிற்றூர்ப் பள்ளியில், குழந்தைக்கொரு லேப்டாப் என்ற உலகளாவிய திட்டத்தின் எக்ஸ்ஓ கணினிகள் வழங்கப்பட்டன. செம்பூரைத் தாண்டி மான்குர்டில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகள் கற்கும் விதத்தை ஆராய்ந்தார்கள். அந்தக் கணினியின் மென்பொருள் ஏறத்தாழ முழுதும் திறந்தது. ஆனால் அதன் மார்வெல் வைஃபை சிப்பின் ஃபர்ம்வேர் மூடியது. பிரதான பிராசசர் தூங்கும்போதும் பக்கத்துக் கணினியின் செய்தியைக் கடத்தும் திறமை அந்தச் சிப்பில்தான் இருந்தது. அதற்காகச் செய்துகொண்ட சமரசத்தை ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் தியோ டி ராட் 2006-இலேயே கடுமையாகக் கண்டித்தார். உலகத்தின் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு என்று பேரம் பேசிய திட்டமே நிறுவனத்தைத் திறக்க வைக்கவில்லை என்றால் வேறு யார் திறக்க வைப்பார்கள் என்பது நியாயமான கேள்வி.

எனினும், அந்த வாதத்தின் முடிவை நான் ஏற்கவில்லை. அதே மூடிய நிரல் சிப்பில் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருந்தால் அறக்கட்டளையே அதை ஆட்சேபிப்பதில்லை. வன்பொருளின் பகுதி என்று விட்டுவிடுகிறது. நிரல் இருக்கும் இடம் மாறினால் பயனரின் சுதந்திரம் கூடவோ குறையவோ போவதில்லை. பழைய லேப்டாப்பை வாங்குபவர் அந்தச் சிப்பைத் தேர்ந்தெடுத்தவரும் அல்ல. அதைப் பத்து ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நிறுவனத்தின் கொள்முதல் துறை தேர்ந்தெடுத்தது. அவருக்கு வைஃபையை மறுப்பதால் சிப் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் நட்டமும் இல்லை. நடைமுறையில் அவர் கட்டற்ற இயங்குதளத்தைக் கைவிட்டு முழுவதும் மூடிய ஒன்றுக்குத் திரும்பிப் போகிறார். அழுத்தம் கொடுக்க வேண்டிய இடம் புதிய பொருளை மொத்தமாக வாங்கும் மேசை. அங்கே அழுத்தம் பலித்ததற்கும் உதாரணம் உண்டு. வாடிக்கையாளர்களும் கெர்னல் நிரலாளர்களும் ஆண்டுக்கணக்கில் கேட்டதன் பின், 2008-இல் ஏத்தரோஸ் தானே திறந்த டிரைவரை வெளியிட்டது. அந்த டிரைவர் இயக்கும் பிசிஐ அட்டைகளுக்குத் தனியாக ஃபர்ம்வேரே ஏற்ற வேண்டியதில்லை. 2010-இல் பிராட்காமும் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் தந்தது. ஆனால் அதன் பழைய சிப்புகளுக்கு வேண்டிய ஃபர்ம்வேரை மற்றவர்கள் மறுவிநியோகம் செய்ய அது அனுமதி தரவே இல்லை. அதனால்தான், டெபியன் மனம் மாறிய பிறகும், அந்தப் பழைய பிராட்காம் அட்டைகளுக்கான கோப்பை மட்டும் நிறுவியில் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. அதை இணையத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரே கடையில், ஒரே விலையில் இரண்டு பழைய லேப்டாப்புகள் இருக்கும். ஒன்றில் ஏத்தரோஸ், இன்னொன்றில் பிராட்காம். முதலாவது பென் டிரைவைச் செருகியதும் இணையத்துக்கு வரும். இரண்டாவது வராது. லேப்டாப்பின் வெளியே அப்படி எந்தக் குறிப்பும் இருக்காது. மாணவருக்கு இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

விலை குறையக் குறைய இந்தச் சூதாட்டம் கூடுகிறது. விலை உயர்ந்த தொழில்முறை லேப்டாப்புகளில் லினக்ஸ் ஓடுவதைத் தயாரிப்பாளரே சோதித்துப் பார்க்கிறார். கெர்னல் நிரலாளர்களே அவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். மலிவுப் பொருளை யாரும் சோதிப்பதில்லை. 2013-க்குப் பிறகு இன்டெலின் ஆட்டம் பிராசசர்களோடு வந்த குறைந்த விலை லேப்டாப்புகளை எடுத்துக்கொள்வோம். பிராசசர் 64 பிட். ஆனால் அதைத் தொடக்கிவைக்கும் யுஇஎஃப்ஐ என்ற அடிப்படை நிரலைப் பல தயாரிப்பாளர்கள் 32 பிட்டாகப் போட்டார்கள். விளைவாக, 64 பிட் நிறுவியைச் செருகினால் அது தொடங்கவே தொடங்காது. திரையில் பிழைச் செய்திகூட வராது. டெபியனின் நிறுவியில் இந்தக் கலப்பு அமைப்புக்கான வழியைச் செய்துகொடுத்தவரும் மெக்கின்டைர்தான். 2015-இல் வந்த டெபியன் 8 முதல் அது உள்ளேயே இருக்கிறது. நிறுவி தொடங்கிய பிறகு அடுத்த தடை: இத்தகைய பல எந்திரங்களில் ரியல்டெக்கின் ஆர்டிஎல்8723பிஎஸ் என்ற வைஃபை சிப். அதற்கான டிரைவர் ஆண்டுக்கணக்கில் கெர்னலுக்கு வெளியே, தேடிப் பிடித்துத் தாமே கட்டிக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தது. 2017-இல் 4.12 கெர்னலில்தான், அதுவும் இன்னும் முழுத்தரம் பெறாதவற்றுக்கான ஸ்டேஜிங் பகுதியில், அது இடம்பிடித்தது. மும்பை பவாயில் உள்ள ஐஐடியில், பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய, கட்டற்ற மென்பொருளைக் கல்வியில் பரப்பும் ஃபாஸ்ஸி குழு ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய் விலையில் மாணவர்களுக்கு ஒரு லேப்டாப்பைக் கொண்டுவரப் பாடுபட்டபோது, அவர்கள் செய்ய வேண்டியிருந்ததும் இந்த வகை வேலைதான்: அந்த எந்திரத்துக்கென்றே லினக்ஸைப் பொருத்திக் கொடுப்பது. ஐஐடி பின்னால் நிற்கும் எந்திரத்துக்கு ஐஐடி அதைச் செய்தது. லேமிங்டன் ரோட்டில் ஒற்றையாகக் கிடக்கும் எந்திரத்துக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. பெங்களூருவில் ஒரு குடிசைப் பகுதியில் அம்பேத்கர் பெயரால் தன்னார்வலர்கள் நடத்திய கணினி மையத்தில், நன்கொடையாக வந்த பழைய கணினிகளில் லினக்ஸ் ஓடியது. பிள்ளைகள் கிம்ப் நிரலில் படம் வரைந்தார்கள். அங்கே எந்திரத்துக்கு அருகில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தார். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில் அவர் வேலையையும் நிறுவிதான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு எதற்கு, கடைக்காரர் போட்டுத் தரும் விண்டோஸே போதாதா என்று கேட்கலாம். உரிமம் இல்லாத விண்டோஸை ஓட வைக்கப் போடும் திருட்டு ஆக்டிவேட்டர் நிரல்கள் வைரஸ் நுழைய நன்கு அறியப்பட்ட வழி. வங்கிக் கணக்கும் உதவித்தொகை விண்ணப்பமும் ஆதார் நகலும் ஒரே எந்திரத்தில் இருக்கும் வீட்டில் அது சிறிய ஆபத்து அல்ல. போன் போதுமே என்றால், ரீல்ஸ் பார்க்கவும் படிவம் நிரப்பவும் போதும். நிரல் எழுதவும், கணக்கியல் பழகவும், வரைபடம் போடவும் போதாது. போனை யுஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங் போட்டால் நிறுவிக்கு இணையம் கிடைக்குமே என்பது நல்ல யோசனை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பலிக்கும். வைஃபை வராதவர் முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும். ஆனால் அந்த வழி ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வட்டு தெரியாத கணினிக்கும், குரல் வராத கணினிக்கும் அது உதவாது.

இன்னும் வலுவான ஆட்சேபம், தன்னார்வலர்கள் உலகத்தின் எல்லாப் பழைய கருவிகளையும் சுமக்க முடியாது என்பது. உண்மைதான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. சோதித்துப் பார்க்க ஆளில்லாததை வைத்துக்கொண்டு இருப்பதாகச் சொல்வதைவிட அது நேர்மையானது. அதனாலேயே சுமையை அவர்கள் தோளில் மட்டும் வைப்பது நியாயமில்லை என்கிறேன். நம் நாட்டில் கணினியை மொத்தமாக வாங்குவது அரசாங்கம். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட எந்திரங்கள் மாணவர் கைக்குப் போயின. விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இடம்பெற்றது. கேரளத்தின் பள்ளிக் கணினிகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே ஓடுகின்றன. அங்கே பள்ளிகளின் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் அரசு நிறுவனமான கைட் தனக்கென்று ஒரு பதிப்பையே 2019-இல் வெளியிட்டது. மத்திய அரசும் 2015-இல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. ஆனால் ஆலையில் ஏற்றி அனுப்பும் வட்டில் டிரைவர் இருப்பது ஒன்று, பொதுக் கெர்னலில் அது சேர்ந்திருப்பது வேறொன்று. முதலாவது வகையில், மாணவர் ஒருமுறை வட்டை அழித்துவிட்டாலோ, ஐந்து ஆண்டு கழித்துப் புதிய பதிப்பைப் போட நினைத்தாலோ, டிரைவர் போய்விடும். இரண்டாவது வகையில், அந்த எந்திரம் மூன்றாம் கைக்கும் நான்காம் கைக்கும் போன பிறகும் ஓடும். லட்சக்கணக்கில் வாங்கும் ஒப்பந்தப்புள்ளியில், எல்லாக் கருவிகளும் மாற்றமில்லாத பொதுக் கெர்னலில் இயங்க வேண்டும், ஃபர்ம்வேர் தேவைப்பட்டால் அதை யாரும் மறுவிநியோகம் செய்ய அனுமதி இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் போதும். விற்பவர் சிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அது வாங்கும் கணினிகளுக்கும் இதே நிபந்தனை பொருந்தும்.

அதுவரை ஏற்கெனவே சந்தையில் இருக்கும் எந்திரங்களுக்குச் செய்ய வேண்டியது, குறையை உரிய இடத்துக்குச் சொல்வது. இதில் நம் பக்கம் இருந்து போகும் தகவல் மிகக் குறைவு என்பதே என் கணிப்பு. டெபியனின் நிறுவி நெடுங்காலமாகத் தமிழிலும் பேசுகிறது. வரைகலைத் திரையில்தான் தமிழ் எழுத்து வரும் என்பதால், வரைகலை நிறுவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் பிழை அறிக்கை ஆங்கிலத்தில், மின்னஞ்சலில் போக வேண்டும் என்பது பலரைத் தயங்க வைக்கிறது. உண்மையில் அந்த அறிக்கையில் நீண்ட ஆங்கிலம் எதுவும் தேவையில்லை. நிறுவி தான் கண்ட கருவிகளின் குறியீடுகளை எல்லாம் தொகுத்து ஒரு கோப்பாகவே எழுதிவைக்கிறது. அந்தக் கோப்பையும், எந்தக் கட்டத்தில் நின்றது என்ற ஒரு வரியையும், எந்த மாடல் என்பதையும் நிறுவல் அறிக்கையாக அனுப்பினால் போதும். வைஃபை சிப்பின் குறியீட்டை ஏற்கெனவே உள்ள ஒரு டிரைவரோடு தற்காலிகமாக இணைத்துப் பார்க்க, கெர்னலை மறுபடி கட்டாமலேயே வழி இருக்கிறது. ஓடினால், சேர்க்க வேண்டியது பட்டியலில் ஒரே வரி என்பது உறுதியாகிவிடும். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் தமிழில் இருக்கிறார்கள். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியனின் சிறு மாநாடான மினி டெப்கான்ஃப் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குச் செய்கிற வேலையை, லேபர் கேம்ப்பின் ஒரு நூலகமோ மன்றமோ மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யலாம்: பழைய லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்வது, நிறுவிப் பார்ப்பது, நின்ற இடத்தை அறிக்கையாக அனுப்புவது.

அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டிரைவர் கெர்னலில் இருந்து நிறுவியின் பொட்டலத்தில் மட்டும் விடுபட்டிருந்தால், டெபியனின் கெர்னல் குழு தன் பட்டியலில் பெயரைச் சேர்க்கும். குறியீடே கெர்னலுக்குத் தெரியாது என்றால், ஒருவர் அந்த வரியைச் சேர்த்து, தன் பெயரில் பொறுப்பேற்று ஒப்பமிட்டு, அந்தத் துறையின் பராமரிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். பெரிய மாற்றங்கள் அடுத்த வெளியீடுவரை காத்திருக்கும். ஆனால் கெர்னலின் நிலைப்பதிப்பு விதிகள் புதிய கருவிக் குறியீடுகளுக்கு வெளிப்படையாகவே விலக்கு தருகின்றன. ஒரு வரிக் குறியீடு, ஏற்கெனவே வெளியாகி மக்கள் பயன்படுத்திவரும் பதிப்புகளுக்கும் பின்னோக்கிப் போய்ச் சேரலாம். டெபியன் தன் நிலைப்பதிப்பை ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருத்தி, நிறுவிப் படிமங்களையும் புதிதாகக் கட்டி வெளியிடுகிறது. அந்தப் படிமத்தைப் பென் டிரைவில் ஏற்றும் அடுத்த மாணவரின் லேப்டாப்பில் அதே சிப் இருந்தால், நிறுவி கேட்பது வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும்தான்.